பயிற்சி எங்கள் படலைக்குள் வரவேண்டும்

வடக்கு மாகாணத்தில் விசேட தேவையுடையோருக்கான வேலைத்திட்டங்களை வகுக்கும் அதிகாரிகளுக்கும், அவற்றுக்கு நிதி வழங்கும் தொண்டு நிறுவனங்களுக்கும், புலம்பெயர் நாடுகளிலிருந்து உதவி அனுப்பும் சங்கங்களுக்கும்,

மதிப்புக்குரியீர்,

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 3ஆம் திகதி சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம் வருகிறது. வன்னியில் அது நல்ல மாரி காலம். குளங்கள் நிரம்பி, ஒழுங்கைகள் சேறாகிக் கிடக்கும் அந்த நாட்களில்தான் எங்களுக்கான விழாக்களும் செயலமர்வுகளும் நகர மண்டபங்களில் நடக்கின்றன. மேடையில் பேசப்படுபவை பெரும்பாலும் நல்ல விடயங்களே. பேசுபவர்களின் மனத்தையும் நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்த மண்டபத்தில் அமர்ந்திருப்பவர்கள் யார் என்று ஒருதடவை நிதானமாகப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தாமாக நடந்தோ ஆட்டோ பிடித்தோ வரக்கூடியவர்கள் வந்திருப்பார்கள். வீட்டில் இன்னொருவரைப் பொறுப்பாக விட்டுவிட்டு வரக்கூடிய பராமரிப்பாளர்கள் வந்திருப்பார்கள். படுக்கையில் கிடப்பவரை விட்டு அரை மணித்தியாலம் கடைக்குப் போய்வரவும் வழியில்லாதவர்கள் அங்கே இருக்கமாட்டார்கள். பயிற்சி முதலில் தேவைப்படுவதோ அவர்களுக்குத்தான்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் வசிப்பவள். 2009 போரில் எறிகணைத் துண்டு பட்டு முள்ளந்தண்டுவடம் பாதிக்கப்பட்ட என் தம்பியை வீட்டில் வைத்துப் பராமரித்து வருகிறேன். கிளினிக் வரிசையிலும் பிரதேச செயலக வாங்கிலும் பழக்கமான தாய்மார், மனைவிமார், பேரப்பிள்ளையைத் தூக்கித் திரியும் அம்மம்மாக்கள் ஆகியோரிடம் கேட்டறிந்தவற்றையும் சேர்த்தே இதனை எழுதுகிறேன். எங்கள் கோரிக்கை ஒன்றுதான். பயிற்சியை மண்டபத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஒருநாள் நிகழ்வோடு முடித்துவிடாமல் திரும்பத் திரும்ப வாருங்கள். பராமரிப்பவருக்குச் சில மணி நேரமாவது ஓய்வு கிடைக்கச் செய்வதையும் அந்தப் பயிற்சியின் ஒரு பகுதியாகவே கணக்கிடுங்கள்.

ஏன் வீடு என்று கேட்பீர்கள். பெருமூளை வாதம் உள்ள பிள்ளைக்குச் சாப்பாடு கொடுப்பதை எடுத்துக்கொள்வோம். உடல் இறுகித் தலை பின்னால் வளையும் பிள்ளையை மடியில் மல்லாக்கக் கிடத்தி, மேலிருந்து கரண்டியால் வாய்க்குள் ஊற்றுவதுதான் பல வீடுகளில் வழக்கம். வேறு விதம் ஒன்று உண்டென்று யாரும் காட்டித் தராததால் வந்த வழக்கம் அது. தலை பின்னுக்குச் சரிந்திருக்கையில் மூச்சுக்குழாய் இலகுவில் வழிவிட்டுவிடும். கஞ்சி அதற்குள் இறங்கிப் பிள்ளைக்குப் புரைக்கேறும். அடுத்த கிழமை சளி, காய்ச்சல், நிமோனியா என்று வாட்டில் கட்டில் தேடவேண்டி வரும். இப்படி அடிக்கடி வைத்தியசாலைக்கு ஏறி இறங்கிய ஒரு தாயின் வீட்டுக்குப் பயிற்சி பெற்ற பெண்ணொருவர் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். அவர் கையில் படமும் இல்லை, பொம்மையும் இல்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தார். பிளாஸ்டிக் கதிரையொன்றைச் சுவர் மூலையில் ஒட்டிவைத்து, பழைய சேலைகளைச் சுருட்டிப் பிள்ளையின் இரு விலாப்பக்கமும் அணைகொடுத்து, முழங்காலுக்குக் கீழ் ஒரு தலையணையைத் திணித்து இடுப்பு மடியும்படி இருத்தினார். தாயைத் திருவலைப் பலகையில், தன் முகம் பிள்ளையின் முகத்துக்குச் சற்றுக் கீழே வரும்படி உட்காரச் சொன்னார். அப்போது பிள்ளை தாயைப் பார்க்கத் தானாகவே நாடியைக் கீழிறக்கியது. கரண்டி முன்னாலிருந்து வாய் மட்டத்துக்குப் போயிற்று. நாக்கின் நடுவில் மெல்ல அழுத்தி, விழுங்கும்வரை பொறுத்து, அடுத்த வாய். தண்ணிக் கஞ்சியைவிடக் கட்டியாகக் குழைத்த சோறு இந்தப் பிள்ளைக்கு விழுங்க இலகு என்பதும் அன்றுதான் அந்தத் தாய்க்குத் தெரிந்தது. இத்தனைக்கும் ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை.

ஆனால் அந்தப் பெண் மூன்று கிழமைக்குப் பிறகு மீண்டும் வராதிருந்தால் இதில் பாதி வீணாகியிருக்கும் என்பதையும் சொல்லவேண்டும். இரண்டாம் முறை வந்தபோது பிள்ளை கதிரையில் ஒருபக்கம் சரிந்து கிடந்தது. சேலைச் சுருட்டு இளகிப்போயிருந்தது. மாமியார் இரவுச் சாப்பாட்டைப் பழையபடி மடியில் கிடத்தித்தான் கொடுத்துக்கொண்டிருந்தார். அவற்றைத் திருத்தி, மாமியாரையும் உட்காரவைத்துக் காட்டிய பிறகே முறை நிலைத்தது. பிள்ளை வளரும், உடல் மாறும், கதிரை சிறுக்கும். ஒரு தடவை சொல்லிக்கொடுத்துச் சான்றிதழ் நீட்டிவிட்டு முடிக்கக்கூடிய விடயம் இதில் எதுவுமே இல்லை.

முள்ளந்தண்டுவடம் பாதிக்கப்பட்டோர் வீடுகளிலும் இதே கதைதான். உணர்ச்சியற்ற உடம்பில் படுக்கைப் புண் தொடங்கினாலும் வலி வந்து எச்சரிப்பதில்லை. எச்சரிக்கும் வேலையைக் கண்ணும் கையும் செய்யவேண்டும். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பவேண்டும். நாற்காலியில் இருப்பவர் கால் மணி, அரை மணிக்கு ஒருதரம் கைகளை ஊன்றி எழும்பியோ பக்கம் சாய்ந்தோ பாரத்தை மாற்றவேண்டும். வால் எலும்பு, இடுப்பெலும்பு, குதிக்கால் ஆகிய இடங்களைக் காலையும் மாலையும் பார்க்கவேண்டும். கையேடுகளில் “சிவந்த இடம் தெரிந்தால் கவனிக்கவும்” என்று போட்டிருப்பார்கள். எங்கள் தோலில் அது சிவப்பாகத் தெரிவதில்லை. சுற்றியுள்ள தோலைவிடக் கருத்து, தொட்டால் சூடாகவோ கட்டியாகவோ இருக்கும். கை வைத்துப் பார்க்கப் பழக்காவிட்டால், புண் வாய் திறந்த பிறகுதான் வீட்டாருக்குத் தெரியவரும். காற்றடித்த டியூப் வளையத்தை இருக்கையில் வைப்பதும் எங்கள் பக்கத்தில் பரவலாக உண்டு. நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனால் வளையத்தின் விளிம்பிலேயே முழுப் பாரமும் இறங்கி இரத்த ஓட்டம் தடைப்படுவதால் புண் வரும் வாய்ப்பு அதனால் கூடுகிறது.

இன்னும் ஒன்று உயிரோடு சம்பந்தப்பட்டது. கழுத்திலோ நெஞ்சின் மேற்பகுதியிலோ வடம் பாதிக்கப்பட்டவருக்குச் சிறுநீர்க் குழாய் மடங்கி அடைத்தாலும், மலச்சிக்கல் ஏற்பட்டாலும், திடீரென இரத்த அழுத்தம் எகிறி, தலை பிளக்கும் வலியும் முகத்தில் வியர்வையும் வரலாம். உடனே நிமிர்த்தி இருத்தவேண்டும், இறுக்கமான உடுப்பைத் தளர்த்தவேண்டும், குழாய் எங்கே மடங்கியிருக்கிறது என்று தேடவேண்டும். குறையாவிட்டால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும். இதைத் தெரியாத வீட்டார், தலைவலிதானே என்று பனடோல் கொடுத்துப் படுக்கவைப்பார்கள். படுக்கவைத்தால் அழுத்தம் இன்னும் கூடும். என் தம்பியை ஒரு வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது எங்கள் கையில் தந்தது மருந்துத் துண்டும் அடுத்த கிளினிக் திகதியும் மட்டுமே. யார் பிழை என்று கிண்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த நாட்களில் எல்லோருமே அள்ளுப்பட்டுக்கொண்டுதான் இருந்தோம். இன்றைக்கும் ஒருவர் மரத்திலிருந்து விழுந்தோ, ஏ9 வீதி விபத்திலோ அதே நிலைக்கு ஆளாகி வீடு திரும்பும்போது அந்த வீட்டார் எதைக் கற்றுக்கொண்டு திரும்புகிறார்கள் என்பதே என் கேள்வி.

வலிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கையில் திறப்புக்கோர்வையைத் திணிப்பதும், பல்லுக்கிடையில் கரண்டியை நுழைப்பதும் இன்னும் நடக்கின்றன. ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து நேரத்தைப் பார்க்கவும், ஐந்து நிமிடம் தாண்டினால் வாகனம் பிடிக்கவும், சுகமாகிவிட்டதென்று நினைத்து மருந்தை இடையில் நிறுத்தாதிருக்கவும் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்கவேண்டும். இதற்கு மட்டும் உங்கள் மண்டபக் கூட்டமே போதும்.

சக்கர நாற்காலியைப் பற்றிப் புலம்பெயர் உறவுகளிடம் சற்று வெளிப்படையாகவே பேச விரும்புகிறேன். நீங்கள் அனுப்பும் பணம் உழைத்த பணம் என்று எங்களுக்குத் தெரியும், நன்றி மறக்கவில்லை. ஆனால் பதாகை கட்டி, வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துக் கொடுக்கப்படும் நாற்காலிகள் பெரும்பாலும் வைத்தியசாலை விறாந்தையில் தள்ளுவதற்கானவை. முன் சில்லுகள் சிறியவை. கிரவல் வீதியிலும் மணல் முற்றத்திலும் புதைந்து நின்றுவிடும். இருக்கை எல்லோருக்கும் ஒரே அகலம். கண்ணைச் சோதிக்காமல் எவரும் மூக்குக்கண்ணாடி பகிர்வதில்லை; நாற்காலிக்கு மட்டும் அந்த நியாயம் பொருந்தாதா? உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டலில் சக்கர நாற்காலி வழங்குவதற்கு எட்டுப் படிகள் சொல்லப்பட்டுள்ளன. உடலை அளந்து பொருத்துவது அவற்றில் அடங்கும். கடைசி இரண்டும் பாவிப்பவருக்குப் பயிற்சியளிப்பதும், பின்னர் போய்ப் பார்த்துத் திருத்திக் கொடுப்பதுமாகும். எங்களூரில் வழங்கலோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. பெயரிங் தேய்ந்த நாற்காலிகள் எத்தனை வீடுகளின் பத்தியில் கோழி அடைகாக்கக் கிடக்கின்றன என்று வந்து பாருங்கள். பத்து நாற்காலிக்கான பணத்தில் ஆறை வாங்கி, மீதியில் துவிச்சக்கரவண்டி திருத்தும் ஊர்ப் பொடியன் ஒருவனுக்கு நாற்காலி திருத்தப் பழக்கி, உதிரிப்பாகமும் வாங்கிக் கொடுத்தால் எங்களுக்கு அது பெரிய உதவி. மலசலகூடத்துக்கு ஒரு சாய்தளமும் பிடிகம்பியும் போட்டுத் தந்தால் இன்னும் பெரிய உதவி. மீள்குடியேற்றத்தின் பின் கட்டிய வீடுகள் பலவற்றில் மலசலகூடம் வீட்டுக்கு வெளியே, படி ஏறிப்போய்க் குந்தியிருக்கும் விதமாகவே அமைந்திருக்கிறது. நாற்காலியில் இருப்பவருக்கு அது பக்கத்து ஊரில் இருப்பதும் ஒன்றுதான்.

இனிப் பராமரிப்பவரைப் பற்றி. வளர்ந்த ஆணொருவரை நாளுக்கு எத்தனையோ தடவை கட்டிலிலிருந்து தூக்கி இறக்கும் பெண்ணின் நாரி என்ன ஆகும் என்று எந்தத் திட்ட ஆவணத்திலும் நான் கண்டதில்லை. முழங்காலை மடக்கி, உடம்போடு அணைத்து, பலகையில் வழுக்கி மாற்றும் முறையை முன்பே காட்டியிருந்தால் இன்று நாரிப்பட்டி கட்டிக்கொண்டு திரியும் பலர் நன்றாக இருந்திருப்பார்கள். உடம்புக்காவது முறை இருக்கிறது, நித்திரைக்கு? இரவில் இரண்டு மணிக்கொருதரம் திருப்புவதென்பது திருப்பப்படுபவருக்கு மட்டுமான விதி அன்று. திருப்புபவரும் அதே மணிக்கு எழும்புகிறார். பகலில் அவரே கிணற்றடி, அடுப்படி, பிள்ளைகளின் பாடசாலை எல்லாவற்றையும் பார்க்கிறார். வன்னியில் கணவனை இழந்து குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் ஏராளம். அவர்களில் ஒருத்தி இப்படிப்பட்ட ஒருவரையும் பராமரித்தால் கூலி வேலைக்குக்கூடப் போகமுடியாது. 2025 ஏப்ரல் தொடக்கம் மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு 7,500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டதை வரவேற்கிறோம். ஒரு மாதத்துக்கான பம்பஸ், சிறுநீர்ப் பை, கிளினிக்குக்குப் போய்வர ஆட்டோக் கூலி என்று கணக்குப் பார்த்தால் அது எங்கே நிற்கும் என்பதை உங்கள் சமூக சேவை உத்தியோகத்தர்களே சொல்வார்கள்.

பராமரிப்பவருக்கு ஓய்வு கேட்பதை ஆடம்பரமாகவோ பாசக் குறைவாகவோ எடுத்துக்கொள்ளும் மனப்பாங்கு எங்கள் உறவினரிடையே உண்டு. அதிகாரிகளிடமும் சில வேளை கண்டிருக்கிறேன். நாங்கள் கேட்பது சட்டத்தில் இருப்பதையே. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் தொடர்பான ஐக்கிய நாடுகள் சமவாயத்தில் இலங்கை 2007இல் கைச்சாத்திட்டு, 2016இல் ஏற்புறுதி செய்தது. அதன் 28ஆம் உறுப்புரை, வறுமையில் வாழும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களது குடும்பங்களுக்கும் அரசு செய்யவேண்டிய உதவிகளில் போதிய பயிற்சி, உளவளத்துணை, நிதியுதவி ஆகியவற்றோடு பராமரிப்பவர் ஓய்வெடுக்க மாற்றுப் பராமரிப்பு வழங்குவதையும் சேர்த்தே சொல்கிறது. 26ஆம் உறுப்புரை இத்தகைய சேவைகள் கிராமப்புறம் உட்பட மக்கள் வாழும் இடத்துக்கு இயன்றவரை அருகில் கிடைக்கவேண்டும் என்கிறது. எங்கள் நாட்டிலேயே மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆகவே இந்த மடலைக் கருணை மனுவாக வாசிக்கவேண்டாம்.

யார் வந்து பயிற்றுவிப்பது என்பதே உங்களுடைய அடுத்த கேள்வியாக இருக்கும், நியாயமான கேள்வி. இயன்மருத்துவரும் தொழில்வழிச் சிகிச்சையாளரும் போதாது. தமிழ் பேசும் பேச்சுச் சிகிச்சையாளரைக் காண்பது அதிலும் அரிது. றாகமையில் பட்டம் பெற்று வருபவர் வன்னிக்கு வந்து நிலைப்பார் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தால் இன்றைய பிள்ளைகள் வளர்ந்து முடிந்துவிடுவார்கள். நிபுணர் எல்லா வீட்டுக்கும் வரவேண்டியதில்லை. நிபுணரிடம் பழகிய ஊர்க்காரர் வந்தால் போதும். வளர்ச்சித் தாமதம் உள்ள, 2 முதல் 9 வயது வரையான பிள்ளைகளின் பராமரிப்பாளர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் வகுத்த பயிற்சி ஒன்பது குழு அமர்வுகளையும் மூன்று வீட்டுச் சந்திப்புகளையும் கொண்டது; நிபுணரல்லாதோரும் பயிற்சி பெற்று நடத்தக்கூடியதாகவே அது அமைக்கப்பட்டது. பராமரிப்பவரின் மனநலமும் அதில் ஒரு பாடம். எங்கள் சுகாதார அமைப்பில் வீடு வீடாகப் போகும் குடும்பநல உத்தியோகத்தர் ஏற்கெனவே இருக்கிறார். பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டில் தலை நிமிர்த்தியது, இருந்தது, நடந்தது எல்லாம் குறிக்க இடமும் இருக்கிறது. ஆனால் குறிப்பில் பின்தங்கல் தெரிந்த பிறகு அந்த வீட்டுக்கு வருவதற்கென்று ஓர் ஆள் இல்லை. பிரதேச செயலகப் பிரிவு ஒவ்வொன்றிலும் இரண்டு பேரையாவது இதற்கென்றே பயிற்றி, சம்பளத்தோடு நியமியுங்கள். ஊக்குவிப்புப் படி கொடுத்துத் தொண்டர்களை வைத்து நடத்தும் திட்டம் நிதி நின்ற அன்றே நின்றுபோவதை நாங்கள் பலமுறை பார்த்துவிட்டோம்.

அந்த நியமனங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கும் அனுபவமுள்ள பராமரிப்பாளர்களுக்கும் முதலிடம் கொடுங்கள். மாங்குளத்தில் முள்ளந்தண்டுவடம் பாதிக்கப்பட்டோரின் உயிரிழை அமைப்பு இயங்கி வருகிறது. நாற்காலியில் இருந்துகொண்டே கட்டிலுக்கு மாறுவதைத் தன் உடம்பால் செய்துகாட்டும் ஒருவர் பேசினால், புதிதாகப் பாதிக்கப்பட்டவர் கேட்கும் விதமே வேறு. வைத்தியர் சொல்லும்போது தலையாட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்ட என் தம்பி, அப்படியொருவர் வீட்டுக்கு வந்துபோன பிறகுதான் பலகையைக் கொண்டுவரும்படி கேட்டான். மாங்குளம் ஆதார வைத்தியசாலையில் மருத்துவப் புனர்வாழ்வுக்கென நிலையமொன்று அமைக்கப்பட்டிருப்பதும் எங்களுக்குப் பெரிய வாய்ப்பு. அங்கே தங்கிச் சிகிச்சை பெறுபவரோடு வீட்டில் பராமரிக்கப்போகும் ஒருவரும் தங்கிக் கற்கவும், வீடு திரும்பிய முதல் மாதத்துக்குள் ஒருவர் போய்ப் பார்க்கவும் ஒழுங்குசெய்தால், வாட்டில் கற்றது வீட்டுக் கட்டிலிலும் பலிக்கிறதா என்பது தெரியும்.

யாருக்கு எவ்வளவு தேவை என்ற கணக்கு இல்லாமல் இவற்றைத் தொடங்கமுடியாது என்று சொல்லக்கூடும். 2012 குடிசன மதிப்பீடு, ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 8.7 வீதத்தினர் ஏதோவொரு விதத்தில் இயலாமை உடையவர்கள் என்று நாடு முழுவதற்குமாகச் சொன்னது. அது எடுக்கப்பட்ட மார்ச் மாதத்தில், போரில் இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த மெனிக் பாம் முகாம்கூட மூடப்பட்டிருக்கவில்லை. செப்டெம்பரில்தான் கடைசிக் குடும்பங்கள் வெளியேறின. அந்தக் கணக்கை வைத்து இன்றைய வன்னியை அளக்கமுடியாது. கிராம அலுவலரிடம் கொடுப்பனவுப் பட்டியல் இருக்கும். அதில் பராமரிப்பவர் யார், அவரது வயது என்ன, அவர் சுகவீனமுற்றால் பொறுப்பேற்க வீட்டில் வேறு யாரும் உண்டா என்ற மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டாலே முதலில் எந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்பது தெரிந்துவிடும். எழுபது வயதுத் தாய் நாற்பது வயது மகனைப் பராமரிக்கும் வீடுகள் ஒவ்வொரு பிரிவிலும் இருக்கின்றன. அவர்களைத் தேட ஆய்வு எதுவும் வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டுக்கான திட்டங்களை வரையும்போது, அந்த வரைவைத் தமிழில் எங்களுக்குக் காட்டுங்கள். அதற்கென்று கூட்டம் வைப்பதானால் மாவட்டத் தலைநகரில் வைக்காமல், ஒட்டுசுட்டான், துணுக்காய், கண்டாவளை, நெடுங்கேணி என்று பிரதேசம் தோறும் வையுங்கள். காலை பத்து மணிக்குப் பின்னர் வையுங்கள், ஏனென்றால் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு கொடுத்து முடிய எங்களுக்கு அவ்வளவு நேரமாகும். சாப்பாட்டுப் பார்சலுக்கும் பதாகைக்கும் ஒதுக்கும் பணத்தை, அந்த மூன்று மணித்தியாலமும் எங்கள் வீடுகளில் பொறுப்பாக இருக்கக்கூடிய ஆட்களுக்குக் கொடுங்கள். ஆள் வந்தால் நாங்களும் வருவோம்.

இங்ஙனம்,
முல்லைத்தீவு மாவட்டத்துப் பராமரிப்பாளர்கள் சிலரின் சார்பில்,
அவர்களில் ஒருத்தி